ஏகாம்பரம் வெளியே போயிருக்கார்

உங்கப்பாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது வடபழனியில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். போன ஆடி மாதம். காலை ஏழு மணி இருக்கும். இரண்டு பேருமே வெறும் வயிற்றோடு, கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தோம். அவனுக்குப் பதினொன்று, எனக்குப் பதினைந்து. நடுவில் மூன்று பேர். அந்த மூன்று பேரைத் தாண்டி அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை. பதினாறு வருஷம் பேசாமல் இருந்தவர்கள் அன்றைக்கு மட்டும் எதற்குப் பேச வேண்டும்?

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து "தணிகைநாதன்" என்று கூப்பிட்டாள். இவன் எழுந்தான். அவள் இவன் முகத்தையே பார்த்தாள். "சார், நீங்க டிவியில வந்த ஏகாம்பரம்தானே?"

"இல்லையேம்மா. ஏகாம்பரம் வெளியே போயிருக்கார்."

அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். காபிகூடக் குடிக்காமல் வந்த ஜனம். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அது நான் எழுதிய வரி. எழுதினவனே சிரித்தால் நன்றாக இருக்காது.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவன் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் முன்னால் நின்றான். "பயப்படாதே மாசிலா. அந்தப் பொண்ணுக்குக் கை லேசு" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான். நான் ஊசிக்குப் பயந்தவன் என்பது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, பார்.

உட்கார் தமயந்தி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்கார். காபி போடட்டுமா? வேண்டாமா? சரி, அப்புறம் போடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வந்திருக்கிறாய். நான் காரியத்துக்கு வரவில்லை என்று கேட்கவும் இல்லை. நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பா ஏன் மாமா சீரியலை விட்டுப் போனார்? அம்மா இன்னிக்கும் அவரைத் தலைக்கனம் பிடிச்ச மனுஷன்னுதான் சொல்றாங்க. படத்துக்கு மாலை போடும்போதுகூடச் சொன்னாங்க. எனக்கு நிஜம் தெரியணும்." அதுதானே கேட்டாய்? சொல்கிறேன். அதற்குத்தான் வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

இரு, மாடியில் மோட்டார் ஓடுகிறது. நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன்.

ம். ஏகாம்பரம். நீ அப்போது சின்னப் பெண், கதையெல்லாம் மறந்திருப்பாய். ஏகாம்பரம் ஒரு ரிட்டயர்ட் குமாஸ்தா. பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதி அனுப்புகிறவர். துணுக்கு எல்லாம் அக்கம்பக்கத்தில் நடந்தது, அவர் மனைவி பங்கஜம் வாய் தவறிச் சொன்னது. அச்சில் பார்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். கதவைத் தட்டி "ஏகாம்பரம் இருக்காரா?" என்பார்கள். இவரே கதவைத் திறந்து "ஏகாம்பரம் வெளியே போயிருக்கார்" என்பார். வாராவாரம் வியாழக்கிழமை எட்டு மணிக்கு. ஒன்பது வருஷம் ஓடியது. கல்யாண மண்டபத்தில் உங்கப்பா சாப்பிட உட்கார்ந்தால் சமையல்காரர் கரண்டியோடு வந்து "ஏகாம்பரம் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாம்பார் ஊற்றுவார்.

எழுதினது நான். அதை யாரும் மறுக்க முடியாது. நான் எட்டாவதோடு நின்றவன். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக் கோத்தே படித்தவன். கற்பனை எனக்கு வராது. காது உண்டு. கேட்டதைக் கேட்ட மாதிரி எழுதுவேன்.

கேட்பதற்கு வீட்டில் செண்பகம் இருந்தாள். உன் அத்தை பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போனால், "பக்கத்து வீட்டுலயும் போயிடுச்சான்னு பாருங்க. அங்கேயும் போயிருந்தா நிம்மதி" என்பாள். அது நாலாவது வாரம். பல்லாவரம் போக வேண்டியவள் பஸ் நம்பர் படிக்கத் தெரியாமல் பூந்தமல்லியில் போய் இறங்கினாள். அழவில்லை. இரண்டு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, "ஊர் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். அது முப்பத்தோராவது வாரம். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றால், "என்னக்கா, இன்னிக்குப் பூந்தமல்லி இல்லையா?" என்று கேட்பார்கள். எவ்வளவு பிரபலம் பார். பங்கஜம் என்றால் செண்பகம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் அவள் தனியாகப் பஸ் ஏறவில்லை. கால் வலி என்றாள். ரேஷனுக்கும் என்னையே போகச் சொன்னாள்.

அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே காட்டமாட்டாள். வியாழக்கிழமை எட்டு மணி ஆனால் சமையலறையில் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். எனக்கு வசனமே காதில் விழாது. "தண்ணியை நிறுத்துடி!" என்று கத்துவேன். நிறுத்தமாட்டாள்.

கடைசி இரண்டு வருஷம் எனக்குப் பெரிய சிரமம். அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். உம், சரி, ஆச்சு. இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தை எப்படி நிரப்புவது? டைரக்டர் ரகோத்தமன் கேட்டேவிட்டார்: "என்ன மாசிலா சார், பங்கஜம் டல்லடிக்கிறாளே?" நான் வீட்டுக்கு வந்து அவளைச் சீண்டிப் பார்ப்பேன். வேண்டுமென்றே காபியில் சர்க்கரை இல்லை என்பேன். எழுந்துபோய்ச் சர்க்கரை எடுத்துவந்து வைப்பாள். பேச மாட்டாள்.

உங்கப்பா வந்தால் மட்டும் சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்கும். அவள் கையால் சாப்பிடாமல் அவனுக்கு வாரம் நகராது. நான் எட்டிப் பார்த்தால் நின்றுவிடும். "அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னடா ரகசியம்?" என்பேன். "ஒண்ணுமில்லடா, ரசத்துல உப்பு" என்பான்.

அதற்குத்தான் வருகிறேன், தமயந்தி. கடிகாரத்தைப் பார்க்காதே.

சீரியலில் எப்படி என்றால், யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று படிப்பான், நடிகர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். பிராம்ப்டிங் என்பார்கள். எங்கள் சீரியலுக்கு நானே எழுதி, நானே நின்று படிப்பேன். நான் ஒரு வரி சொல்வேன், அரை விநாடி கழித்து அதே வரி உங்கப்பா வாயிலிருந்து வரும்போது வேறு வரியாக இருக்கும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நாடகக் கம்பெனியில் பதினான்கு வயதில் சேர்ந்தவன் அவன்.

ஆனால் அவனிடம் ஒரு குறை. வாரத்துக்கு ஒரு வரியை முழுங்கிவிடுவான். இருமுவான், தும்முவான், வேறு எதையாவது சொல்லித் தாண்டிவிடுவான். ரகோத்தமன் சிரித்துவிட்டால் அந்த ஷாட் ஓகே. என் வரி போயிற்று. நான் ஒரு நோட்டில் குறித்துக்கூட வைத்தேன், எந்தெந்த வரியை முழுங்கினான் என்று. ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. இப்படித்தான், பங்கஜம் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிற ஒரு காட்சி. செண்பகம் கட்டினதுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை, உனக்குத் தெரியும். ஆறாவது தொட்டில். நான் எழுதினேன்: "பங்கஜம், இது ஆறாவது தொட்டில்டி. மரமே புள்ளை பெத்துடும் போலிருக்கு." நல்ல வரிதானே? நான் மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அவனுக்கு இருமல். கடைசியில், "வா பங்கஜம், வெயில் ஏறுது, வீட்டுக்குப் போலாம்" என்று அவனாக ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டான். சௌந்தரி, பங்கஜமாக நடித்த பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காமெடி சீரியலில் கண்ணைத் துடைத்தால் என்ன ஆவது? அன்று சாயங்காலம் அவனுக்கு மிளகுக் கஷாயம் வாங்கிக் கொடுத்தேன். குடித்தான்.

அப்புறம் செண்பகத்துக்கு உடம்புக்கு வந்தது. சிறுநீரகம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உங்கப்பா ஷூட்டிங் முடிந்ததும் உங்கம்மா கொடுத்த கஞ்சியை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிடுவான். நானும் அங்கேயேதான் இருந்தேன். வியாழக்கிழமை நிற்காதே, அதனால் அட்டையும் பேப்பருமாக ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒன்பதாம் நாள் பகல். டாக்டர் வந்து, "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டார். இரண்டு வருஷமாகப் பேசாதவள் சொன்னாள்:

"சொன்னா வியாழக்கிழமை வந்துடும் டாக்டர்."

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். நான் அசந்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட வரி! பென்சிலைத் தேடினேன். ஸ்டூலுக்குக் கீழே உருண்டிருந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் எழுதிடாதீங்க" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? "கவலைப்படாதே, பேரை மாத்திடறேன்" என்றேன். முதல் வரி அவளுடையது, பதில் என்னுடையது. கணவன் மனைவிக்குள் அப்படி ஒரு பொருத்தம். உங்கப்பா ஜன்னல் ஓரம் நின்று ஃபிளாஸ்க் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. துடைத்த மூடியையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

அன்று சாயங்காலம் அவளுக்கு நினைவு தப்பியது. அப்புறம் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள்.

என்ன? ஆமாம், அதுதான் கடைசியாகப் பேசியது. அதற்கு இப்போது என்ன? காபி போடுகிறேன். வேண்டாமா? ஜன்னலைச் சாத்தட்டுமா, தூசி வருகிறது.

சரி, வந்துவிட்டேன். அந்த நாள்.

அவள் போய் முப்பத்தைந்தாவது நாள் ஷூட்டிங். வளசரவாக்கத்தில் வாடகைக்கு எடுத்த வீடு, அதில் ஓர் அறையை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பங்கஜத்துக்கு வயிற்று வலி, ஏகாம்பரம் ஸ்டூலில் உட்கார்ந்து துணுக்கு எழுதுகிறார். ரகோத்தமன் படித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்: "மாசிலா சார், பங்கஜம் திரும்பி வந்துட்டா!" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார்.

சௌந்தரி கட்டிலில் படுத்திருக்கிறாள். நான் படிக்கிறேன்: "இதையும் எழுதிடாதீங்க." அவள் கொஞ்சிக்கொண்டு சொன்னாள். ரகோத்தமன், "அப்படி இல்லம்மா, சார் எப்படிச் சொல்றாரோ அப்படியே சொல்லு" என்றார். நான் இன்னொரு முறை சொன்னேன். எப்படி வந்ததோ அப்படியே வந்தது. எனக்குக் காது உண்டு என்றேனே. சௌந்தரி அதே மாதிரி சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி.

அடுத்தது ஏகாம்பரத்தின் வரி. "கவலைப்படாதே, பேரை மாத்திடறேன்" என்று படித்தேன்.

உங்கப்பா சொல்லவில்லை.

காதில் விழவில்லையோ என்று உரக்கப் படித்தேன். சொல்லவில்லை. மூன்றாம் முறை இன்னும் உரக்க. முப்பது பேர் நிற்கிறார்கள். அவன் ஏகாம்பரத்தின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மெத்தைமேல் வைத்தான். எழுந்தான்.

"என்ன சார்?" என்றார் ரகோத்தமன்.

"எனக்கு அலுத்துப்போச்சு சார்" என்றான். "ஒன்பது வருஷம் ஆச்சு. போதும்."

வெளியே போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் தமயந்தி, அதை உங்கம்மாவிடம் சொல். கேட்டுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நின்றிருந்தான். என் காதருகே வந்துதான் பேச முடிந்தது.

"மாசிலா, அந்த ரெண்டு வரியை எடுத்துடு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நான் மேக்கப்புக்கு வந்துடறேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

"ஒன்பது வருஷத்துல இப்படி ஒரு வரி நான் எழுதினதில்லடா" என்றேன்.

"அது நீ எழுதினது இல்ல" என்றான்.

கேட்டாயா? ஒன்பது வருஷம் அவன் வாயில் போட்டதெல்லாம் என் எழுத்து. என்னைப் பார்த்து, நீ எழுதினது இல்லை என்கிறான். எந்த எழுத்தாளன் பொறுப்பான்? மனைவியைப் பறிகொடுத்து முப்பத்தைந்து நாள் ஆனவனிடம் பேசுகிற பேச்சா அது? நானும் மனுஷன்தானே.

மறுநாள் ஏழு மணிக்கு வந்தான். சொன்ன சொல் தவறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மேக்கப் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு என் கையிலிருந்த பேப்பரை வாங்கிப் பார்த்தான். இரண்டு வரியும் இருந்தன. நான் இரவெல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தேன். பேப்பரை நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு நடந்தான். வாட்ச்மேன் வணக்கம் வைத்தார், பதில் வணக்கம் வைத்தான். அவ்வளவுதான். உங்கப்பா சீரியலை விட்டது அப்படித்தான்.

அடுத்த வாரம் திரையில் இரண்டு போட்டோ போட்டார்கள். "ஏகாம்பரம்: இனி இவருக்குப் பதில் இவர்." உங்கப்பா போட்டோ இடது பக்கம். புதிய ஆள் நல்லவர், பாவம். இரண்டு வரியையும் ஒரே டேக்கில் முடித்தார்கள். யூனிட் முழுக்கச் சிரித்தது. ஆனால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வாரத்தில் சேனலே நிறுத்திவிட்டது. முப்பது குடும்பம். எல்லோரும் உங்கப்பாவைத்தான் சொன்னார்கள். அப்புறம் யாரும் அவனைக் கூப்பிடவில்லை, நடுவில் விட்டுப் போகிறவன் என்று. கல்யாண ரிசப்ஷன்களில் மைக் பிடித்துக்கொண்டிருந்தான் என்று கேள்வி.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாமே என்கிறாய். என்னை யார் கேட்டார்கள்? ரகோத்தமன் கேட்டார். "அலுத்துப்போச்சாம்" என்றேன். அது அவன் வாயால் எல்லோர் முன்னாலும் சொன்னதுதானே? நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அப்புறம் ஒரு வாரப் பத்திரிகை நிருபர் வந்தான். அவனிடமும் நான் தலைக்கனம் என்று சொல்லவில்லை. "புகழ் வந்தா தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்" என்றேன். அவன் சுருக்கிவிட்டான்.

உங்கம்மா அதைப் படித்துத்தான் அப்படிச் சொல்கிறாளா? எனக்கு எப்படித் தெரியும் அம்மா? நான் உங்கள் வீட்டுக்கு வருவதில்லையே அப்போது.

அவன் ஏன் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்வதற்குச் செண்பகம் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதை அவன் வாயால் சொல்லமாட்டான். பெண்டாட்டியிடமும் சொல்லமாட்டான். அப்படிப்பட்ட பிடிவாதக்காரன்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நீயும் ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த மாதிரியே பார்க்கிறாய். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான், எனக்குத் தெரியாதா அவள் எதை வேடிக்கையாகச் சொல்வாள், எதை நிஜமாகச் சொல்வாள் என்று? டாக்டர் சிரித்தார் என்றேனே. நர்ஸும் சிரித்தாள்.

எழுந்துவிட்டாயா? சரி. உங்கம்மாவிடம் சொல், தலைக்கனம் இல்லை என்று. எழுத்தாளனுக்கும் நடிகனுக்கும் இரண்டு வரியில் ஒரு மனஸ்தாபம் என்று சொல். எந்த இரண்டு வரி என்று சொல்லாதே. அது வீட்டுச் சமாசாரம், நாலு பேர் வாயில் விழ வேண்டாம். முழுக்கச் சொன்னால்தான் அம்மா நம்புவாள் என்கிறாயா? அப்படியானால்... அப்படியானால் சொல். நான் வந்து சொல்லட்டுமா? இல்லை, நீயே சொல். எனக்குச் சொல்ல வராது, எழுதித்தான் பழக்கம்.

என்ன, பழைய வாரம் ஏதாவது கிடைக்குமா என்றா? அம்மாவுக்கு அப்பா சிரிப்பதைப் பார்க்க வேண்டுமா? நானும் தேடினேன் தமயந்தி. சேனலுக்கே போய்க் கேட்டேன். அந்தக் காலத்தில் டேப் பஞ்சம். ஒளிபரப்பானதும் அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்களாம். உங்கப்பா நடித்தது நானூற்று ஐம்பத்தொரு வாரம். அதில் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் பதிந்து வைத்திருந்ததை இணையத்தில் போட்டிருக்கிறார், அது ஒரே ஒரு வாரம். ஆஸ்பத்திரி வாரம், புதிய ஆள் நடித்தது. இருபத்திரண்டு நிமிஷம். இரண்டு வரியும் அதில் இருக்கின்றன.